ஓட்டை அடைக்க ஒரு கடவுளா?

வானிலே விமானங்கள், மண்ணிலே நடுக்கம். பெர்லின் நகரத்து டேகல் இராணுவச் சிறையின் சுவர்கள் அதிர்கின்றன. நாள், 1944 சனவரித் திங்களின் ஓர் இரவு. கைதிகள் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கின்றனர். நேற்றுவரை எதையும் பொருட்படுத்தாமல் விளையாட்டாகத் திரிந்த ஒருவன், இன்று கடவுளைக் கூவிக் கூவி அழைக்கிறான். அவன் பக்கத்தில் படுத்திருப்பவரோ ஒரு கிறித்தவப் போதகர்! மறைநூலைக் கரைத்துக் குடித்தவர். இருபத்தோராம் வயதிலே இறையியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். எவ்வளவு நல்ல வாய்ப்பு! அச்சத்தால் உள்ளம் இளகிக் கிடக்கும் நேரமல்லவா, ஆண்டவன் பெயரால் ஆள் பிடிக்க அருமையான நேரம்?

போதகர் செபம் செய்யவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் பத்து நிமிடத்திற்குமேல் இது நீடிக்காது என்று அவனுக்குச் சொன்னார். அவ்வளவே!

இதை நான் கற்பனை செய்யவில்லை, தோழர்களே! அந்தப் போதகரே தம் நண்பருக்கு எழுதிய மடலில், தம்மால் அந்த நேரத்தில் மதத்தின் ஆறுதலைச் சொல்ல முடியாமற் போனதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவர் பெயர் டீட்ரிக் போன்ஹோபர். அவருடைய சிறை மடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பை எனக்குக் கொடுத்தவர், எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியர். பழுத்த கிறித்தவர், என் தந்தையின் வயதினர். ஆசிரியர் அறையிலே ஒருநாள், பக்தி என்பது அச்சத்தின் பிள்ளை என்று நான் சற்று உரக்கவே பேசிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. மறுநாள் இந்த நூலை என் மேசைமேல் வைத்து, "தம்பி, இதைப் படித்துவிட்டு அதே பேச்சைப் பேசுங்கள், கேட்கிறேன்" என்றார். படித்தேன். அதே பேச்சை அப்படியே பேச முடியவில்லை. ஆனால் அவர் எதிர்பார்த்த பேச்சையும் பேச முடியவில்லை. இடையிலே நின்றுகொண்டு எழுதுகிறேன் இந்தத் திறனாய்வை.

நூலின் கதையே ஒரு நூலுக்குரியது. 1943 ஏப்ரல் 5ஆம் நாள் போன்ஹோபர் கைதானார். அஞ்சாநெஞ்சங் கொண்ட சில காவலர்கள் கள்ளத்தனமாகக் கடத்திய மடல்கள், அவருடைய நண்பர் எபர்கார்ட் பெத்கேயைச் சென்றடைந்தன. அவற்றில் முதன்மையானவை நச்சுப்புகை முகமூடி வைக்கும் தகரப் பெட்டிகளில் அடைக்கப்பட்டுத் தோட்டத்து மண்ணிலே புதைக்கப்பட்டன. இட்லர் ஆட்சி மண்ணோடு மண்ணான பிறகு மண்ணுக்குள்ளிருந்து மடல்கள் வெளிவந்தன. 1951இல் பெத்கே அவற்றை நூலாக்கினார். "எதிர்ப்பும் பணிதலும்" என்று பொருள்படும் பெயரை அந்த நூலுக்கு இட்டார்.

சிறைக்கு வருமுன் அவர் வாழ்ந்த வாழ்வைச் சற்றுப் பார்க்காமல் மடல்களைப் படித்தால் பொருள் விளங்காது. 1906இல் பிறந்தவர், தந்தை பெர்லின் பல்கலைக்கழகத்தின் பெயர்பெற்ற மனநோய் மருத்துவப் பேராசிரியர். வீட்டிலே அறிவியல் ஆட்சி செய்தது. கோயில் அவ்வளவாக ஆட்சி செய்யவில்லை. 1930இல் நியூயார்க் சென்றார். அங்கே இறையியல் கல்லூரியின் பாடங்களைவிட, ஆர்லெம் பகுதியில் கறுப்பின மக்களின் கோயில் அவரை ஈர்த்தது. ஞாயிறு பள்ளியிலே பிள்ளைகளுக்குப் பாடஞ் சொன்னார். நாடு திரும்பும்போது அவர்களுடைய பாடல்களின் இசைத்தட்டுகளை எடுத்துச் சென்று, பின்னாளில் தம் மாணவர்க்குப் போட்டுக் காட்டினார். நிறத்தின் பெயரால் மனிதனை ஒதுக்கும் கொடுமையை ஒரு நாட்டிலே கண்டுவிட்டுத் திரும்பியவருக்கு, இனத்தின் பெயரால் ஒதுக்கும் கொடுமை தம் நாட்டிலே வரவேற்புத் தந்தது.

1933. இட்லர் பீடமேறினான். அன்றைய ஜெர்மனியில் புராட்டஸ்டண்டுகள் ஏறத்தாழ 4 கோடி, கத்தோலிக்கர் ஏறத்தாழ 2 கோடி. யூதரோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அன்பே உருவானவர் என்று ஏசுவைப் போற்றும் 6 கோடிப் பேர் வாழ்ந்த நாட்டிலேதான் அது நடந்தது என்பதை நினைவில் வையுங்கள். ஏப்ரல் 7ஆம் நாள், யூத வழியினரை அரசுப் பணிகளிலிருந்து விரட்டும் சட்டம் வந்தது. அதிலே "ஆரியர் விதி" என்றொரு பிரிவு. (அந்தச் சொல்லைப் பார்த்ததும் நம்மவர் காது நிமிரும். அங்கே அதற்கு யூதரல்லாதார் என்பதே பொருள். மொழிக்கு இட்ட பெயரைக் குருதிக்கு இட்டு ஆடிய கூத்து அது.) செப்டம்பரில் பிரஷ்யக் கோயில் மன்றமே அந்த விதியைத் தன் விதியாக ஏற்றது! ஞானநீராட்டுப் பெற்றுக் கிறித்தவராகிப் போதகராகவும் ஆன ஒருவர், பாட்டன் யூதனென்றால் பணியிலிருந்து போகவேண்டியதுதான். திருமுழுக்கின் நீரால் கழுவ முடியாத கறையாம் பிறப்பு! நமக்கு இது புதிய கதையா?

அந்த ஏப்ரலிலேயே போன்ஹோபர் ஒரு கட்டுரை எழுதினார். அரசு அநீதி செய்தால் கோயில் என்ன செய்யவேண்டும்? கேள்வி கேட்கவேண்டும், பாதிக்கப்பட்டவன் எம்மதத்தவனாயினும் அவனுக்கு உதவவேண்டும், அதுவும் போதாதபோது, சக்கரத்தினடியில் நசுங்கியவனுக்குக் கட்டுப் போடுவதோடு நில்லாமல் சக்கரத்தையே தடுத்து நிறுத்தவேண்டும் என்றார். இருபத்தேழு வயது இளைஞரின் எழுத்து இது. அவரைப் போற்றும் மேடைகளிலெல்லாம் இந்தப் பகுதியைத்தான் சொல்வார்கள். அதே கட்டுரையின் இன்னொரு பகுதியைச் சொல்லமாட்டார்கள். ஏசுவைச் சிலுவையில் அறைந்த பழிக்காக யூத இனம் சாபம் சுமக்கிறது என்னும் பழைய பொல்லாத புராணத்தை அவரும் அங்கே எழுதியிருக்கிறார். 1543இல் லூதரே யூதர்மேல் நஞ்சு கக்கி ஒரு நூல் எழுதினார். அந்த நஞ்சு நானூறு ஆண்டு வேரோடி இந்த நல்லவரின் பேனாவிலும் ஒரு துளி கசிந்தது.

பேனாவில் மட்டுமா? அவருடன் இரட்டையாய்ப் பிறந்த தங்கை, யூத வழிவந்த சட்ட அறிஞர் ஒருவரை மணந்திருந்தார். அந்த ஏப்ரல் திங்களில் தங்கையின் மாமனார் இறந்தார். அடக்கச் சடங்கில் உரையாற்ற அழைத்தார்கள். இறந்தவர் கிறித்தவராகாத யூதர். போன்ஹோபர் மேலாளரைக் கேட்டார், மேலாளர் வேண்டாமென்றார், இவரும் மறுத்துவிட்டார். அதே ஆண்டின் இறுதியிலே, எதற்காக அப்படி அஞ்சினேன் என்று எனக்கே விளங்கவில்லை என்னும் கருத்தில் மைத்துனருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். வீரர் பிறக்கவில்லை, தோழர்களே, வெட்கத்திலிருந்து உருவானார்.

1934 மே திங்களில் இட்லரின் கைப்பாவைக் கோயிலை எதிர்த்தவர்கள் பார்மன் நகரிலே கூடி அறிக்கை விட்டார்கள். உரமான அறிக்கைதான், ஆயினும் யூதரைப் பற்றி அதிலே ஒரு சொல் கிடையாது. அதை எழுதியவருள் தலையாயவரான கார்ல் பார்த், பிற்காலத்தில் அதைத் தம் குற்றமென்றே ஒப்புக்கொண்டார். 1938இல் போதகர்கள் இட்லருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்கவேண்டும் என்று கட்டளை வந்தபோது பெரும்பாலோர் எடுத்தனர்; எதிர்ப்பணியில் இருந்தவருள்ளும் பலர் எடுத்தனர். அச்சம் அவ்வளவு. சம்பளம் அவ்வளவு என்றும் சொல்லலாம்.

1939 சூனில் போன்ஹோபருக்கு அமெரிக்காவில் அடைக்கலம் கிடைத்தது. பாதுகாப்பும் பதவியும் காத்திருந்தன. ஒரு திங்கள்கூடத் தங்கவில்லை. சூலையில் கப்பலேறித் திரும்பிவிட்டார். நாட்டின் துன்பத்தில் பங்குபெறாதவனுக்கு, துன்பம் தீர்ந்தபின் நாட்டைக் கட்டும் உரிமை ஏது என்பது அவர் வாதம். பிறகு மைத்துனர் ஆன்ஸ் டோனானியின் வழியாக இராணுவ உளவுத்துறையின் உள்ளேயே இயங்கிய எதிர்ப்புக் குழுவில் சேர்ந்தார். 14 பேரை, அவர்களுள் பெரும்பாலோர் யூத வழியினர், உளவாளிகள் என்று கணக்குக் காட்டி 1942இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்புவித்தது அந்தக் குழு. அதற்கெனச் சென்ற பணத்தின் சுவடுதான் இவர்களைக் காட்டிக்கொடுத்தது.

இங்கே ஓர் இடைச்செருகல். காந்தியாரிடம் அறப்போர் முறையைக் கற்க இந்தியா வரவேண்டுமென்று இவர் விரும்பினார். 1934 நவம்பரில் காந்தியார் அழைப்பும் அனுப்பினார். இளம் போதகர்களைப் பயிற்றும் பொறுப்பு வந்ததால் வரவில்லை. அறப்போர் கற்க நினைத்தவர் கொலைச்சதியின் பக்கம் போய்ச் சேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். பொய் சொன்னார், போலி ஆவணத்தோடு திரிந்தார், விசாரணையில் ஏமாற்றினார். செய்தது குற்றமில்லை என்று அவர் சாதிக்கவில்லை என்பதைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். குற்றந்தான், செய்யாதிருப்பது அதைவிடக் குற்றம், இரண்டையும் சுமக்கிறேன் என்றார். ஆண்டவன் ஆணை என்று சொல்லிக் கை கழுவுகிறவன் வேறு, இவர் வேறு.

இனி நூலுக்கு வருகிறேன். நூலின் முகப்பிலே ஒரு கட்டுரை. 1942 முடிவில், கைதாகுமுன் எழுதியது. கூரையின் உத்திரங்களுக்கிடையே ஒளித்து வைக்கப்பட்டது. மடமையைப் பற்றி அதிலே சில பக்கங்கள் உள்ளன. பகுத்தறிவு இளைஞர் ஒவ்வொருவரும் படிக்கவேண்டிய பக்கங்கள். தீயவனைவிட மடையன் ஆபத்தானவன் என்கிறார். தீயவனை எதிர்க்கலாம், அம்பலப்படுத்தலாம். மடையனிடம் சான்று காட்டினால், பிடிக்காத சான்றை நம்ப மறுப்பான். மறுக்க முடியாத சான்றை ஒதுக்கித் தள்ளுவான். மடமை மூளையின் குறையன்று. அதிகாரம் ஓங்கும்போது மக்கள் தம் சிந்தனையைத் தாமே அடகு வைப்பதால் பிறக்கும் நோய். படித்த மேதையும் மடையனாகலாம், படிக்காதவன் தெளிவாயிருக்கலாம். இதுவரை ஒப்பு! ஆனால் போதனையால் இது தீராது, விடுதலை முதலில் வரவேண்டும், தெளிவு பிறகுதான் வரும் என்கிறார். நாள்தோறும் சுண்ணக்கட்டியும் கையுமாக நிற்கும் என்னை அது சுடுகிறது. விடுதலையைக் கொண்டுவர முதலில் சிலராவது தெளிந்திருக்க வேண்டாமா? அந்தச் சிலரை யார் தெளிவிப்பது?

அதே கட்டுரையின் முடிவில், உலக நிகழ்ச்சிகளை மேலிருந்து பார்த்துப் பழகிய நாம், ஒதுக்கப்பட்டோரும் இழிவுபடுத்தப்பட்டோரும் நிற்கும் கீழ்ப்படியிலிருந்து பார்க்கக் கற்றோம், அது விலைமதிப்பற்ற பாடம் என்கிறார். மாளிகையில் பிறந்தவர் அதைச் சொல்ல ஒரு சிறை தேவைப்படவில்லை. பத்தாண்டு அநீதி போதுமாயிருந்தது.

1944 ஏப்ரல் முடிவில் தொடங்கும் மடல்கள்தாம் நூலின் உயிர். மே 29ஆம் நாள், இயற்பியல் நூலொன்றைப் படித்துக்கொண்டே எழுதுகிறார். நம் அறிவு எட்டாத இடத்திலெல்லாம் கடவுளைக் கொண்டுபோய் வைக்கிறோம். மழை ஏன் என்று தெரியவில்லையா, கடவுள்! நோய் ஏன் என்று தெரியவில்லையா, கடவுள்! அறிவு ஓரடி முன்வைத்தால் அந்தக் கடவுள் ஓரடி பின்வாங்கவேண்டும். இப்படி ஓட்டை அடைக்கும் பொருளாகக் கடவுளை ஆக்குவது கடவுளுக்கே இழிவு என்று சாடுகிறார். மழையும் நோயும் நான் தந்த எடுத்துக்காட்டு, சாட்டை அவருடையது.

அதோடு விடவில்லை. இயற்கையிலிருந்து துரத்தப்பட்ட மதவாதி, மனிதனின் மரணத்திலும் குற்ற உணர்விலும் துயரத்திலும் போய்ப் பதுங்குகிறான். நலமாய் இருப்பவனிடம் சென்று, நீ நலமாய் இல்லை, பாவி, நோயாளி என்று நம்பவைத்து, பிறகு மருந்து விற்கிறான் என்று நகைக்கிறார். மனநோய் மருத்துவரின் மகனல்லவா! வளர்ந்துவிட்ட மனிதனை மீண்டும் தொட்டிலில் கிடத்தப் பார்க்கும் வேலை இது, அறமற்ற வேலை என்கிறார். டேகல் சிறையில் கடிகாரத்தைப் பார்த்த கை, அச்சத்தில் கிடந்தவனைப் பிடித்திழுக்க ஏன் நீளவில்லை என்பது இப்போது விளங்குகிறது. அது ஒரு நொடியின் தயக்கமாயிருந்தது. நான்கு திங்கள் கழித்துக் கொள்கையாக முதிர்ந்தது.

சூலை 16ஆம் நாள் மடல் இன்னும் ஒருபடி மேலே போகிறது. கடவுள் இல்லாவிடினும் செல்லும்படியாக நாடுகளின் சட்டத்தை வகுத்த குரோஷியசை நினைவூட்டி, இவ்வுலகில் கடவுளின் துணையை எண்ணாமலே நாம் வாழவேண்டும். அப்படி வாழ்வதே கடவுளின் முன் வாழ்வது என்கிறார். எல்லாம் வல்லவரென்று ஏத்தப்படும் கடவுளைத் தள்ளிவிட்டு, சிலுவையிலே துன்புறும், வலியற்ற கடவுளைக் கைக்கொள்கிறார்.

இங்கேதான் நான் அவரோடு முரண்படுகிறேன். ஓட்டைகளை எல்லாம் அறிவு அடைத்துவிட்டது, வாழ்வை நடத்தக் கடவுள் வேண்டாம், அறத்திற்கும் வேண்டாம். அப்படியானால் எஞ்சி நிற்பது என்ன? உதவ முடியாமல் உடன் துன்புறும் ஒருவர். உடன் துன்புறுவதைத் தோழமை என்போம், அன்பு என்போம். கடவுள் என்னும் பெயரை ஏன் சுமத்தவேண்டும்? இந்தக் கேள்விக்கு மடல்களில் எனக்கு விடை கிடைக்கவில்லை. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கடவுளை வைத்து உண்டியல் நடத்த முடியாது. வரம் விற்க முடியாது. மன்னனுக்கு முடிசூட்ட முடியாது.

ஒருவேளை நம்முள் சிலர், ஆகா, இவர் நம் ஆள் என்று மாலை சூட்ட விரையலாம். வேண்டாம். 1960களில் மேல்நாட்டில் கடவுள் செத்தார் என்று முழங்கிய இறையியலார் சிலர் இவரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். அதுவும் ஒரு திருட்டே. இவர் சிறையிலே நாள்தோறும் திருப்பாடல் படித்தவர், செபித்தவர், கடைசிவரை பக்தர். பக்தியைத் தமக்கு வைத்துக்கொண்டார். பிறர்மேல் வீசவில்லை என்பதே வேறுபாடு. 1945 ஏப்ரல் 8, ஞாயிறு. கொலைக்களத்துக்குக் கொண்டுபோகும் வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கைதிகளை அடைத்திருந்தார்கள். வழிபாடு நடத்தச் சொன்னார்கள் மற்றவர்கள். இவர் தயங்கினார். ஏன்? உடனிருந்தவருள் பலர் கத்தோலிக்கர். கோகோரின் என்னும் சோவியத்துக் கைதியோ நாத்திகர். அவருக்கு விருப்பமில்லாததை அவர் காதில் திணிக்கலாமா என்ற தயக்கம்! கோகோரினே இசைந்த பிறகுதான் நடத்தினார். நாளை சாகப்போகும் பக்தர், ஒரு நாத்திகரின் செவிக்கு இசைவு கேட்கிறார். ஒலிபெருக்கி வைத்து ஊரையே எழுப்பும் பக்திமான்கள் இதைப் படிப்பார்களா?

மறுநாள் விடியலில், பிளாசன்பர்க் முகாமில், தூக்கிலிட்டார்கள். வயது 39. அண்ணன் கிளவுசையும் மைத்துனர் இருவரையும் அதே ஏப்ரலில் கொன்றார்கள். ஒரே குடும்பத்தில் நால்வர். போன்ஹோபருக்குத் தீர்ப்பு எழுதிய நீதிபதியை 1956இல் மேற்கு ஜெர்மனியின் உயர்ந்த நீதிமன்றம் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

அந்த இறப்பைப் பற்றி ஒரு படம் உலவுகிறது. ஆடை களைந்து மண்டியிட்டுச் செபித்தார், அமைதியாகப் படியேறினார், சில நொடியில் உயிர் பிரிந்தது. இவ்வளவு இறைப்பற்றோடு இறந்தவரைக் கண்டதில்லை என்கிறது அது. சொன்னவர் யார்? அந்த முகாமின் மருத்துவர்! பத்தாண்டு கழித்துச் சொன்னார். கொலைக்குத் துணைநின்றவனுக்குக் கொலை அழகாக நடந்தது என்று சொல்வதிலே ஆதாயம் இருக்காதா? அதே முகாமில் கைதியாயிருந்த டேனிஷ்காரர் ஒருவர், அங்கே படியேறும் தூக்குமேடையே இல்லை என்று மறுத்திருக்கிறார். வரலாற்றாசிரியர் சிலரும் ஐயுறுகின்றனர். ஆயினும் நூல்தோறும் அந்தப் படமே மாட்டப்படுகிறது. வாழ்விலே ஓட்டை அடைக்கும் கடவுளை ஏற்காதவரின் சாவிலே, கொடுமையின் ஓட்டையை அடைக்க ஒரு தெய்வீகக் காட்சி! அவருக்கு இழைத்த இரண்டாவது அநீதி என்பேன் அதை.

நூலின் குறையையும் சொல்லிவிட வேண்டும். 1943 மே திங்களில், பெத்கேயின் திருமணத்திற்கென்று சிறையிலிருந்தே ஓர் உரை எழுதியனுப்பினார். நட்பு சுரக்கிறது அதில். ஆனால் கணவனே தலைவன், மனைவி அடங்கியிருப்பவள், வீடே அவள் இடம் என்று பவுலின் பழம்பாட்டையே பாடுகிறார். எந்த அதிகாரத்தை எதிர்த்துச் சிறைபுகுந்தாரோ, அதன் சிறு வடிவத்தை நண்பனின் வீட்டிலே குடியேற்றுகிறார்! வளர்ந்துவிட்ட மனிதன் என்று அவர் எழுதும்போதெல்லாம் அவர் கண்முன் நிற்பவன் ஆண்மகனோ என்ற ஐயம் எனக்கு. கணக்கு ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். "அந்தக் காலம் அப்படி, தம்பி" என்றார். அந்தக் காலத்தின் மற்ற பொய்களையெல்லாம் உடைத்தவராயிற்றே ஐயா, என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

1944 ஆகஸ்டில் தாம் எழுத நினைத்த நூலொன்றின் குறிப்பை நண்பருக்கு அனுப்பினார். குறிப்பு மட்டுமே கிடைத்திருக்கிறது, நூல் கிடைக்கவில்லை. செப்டம்பரில் அனுப்பிய மடல்களையோ, தாம் கைதாகப் போவதை உணர்ந்த பெத்கே எரித்துவிட்டார். அந்தக் குறிப்பிலே, கோயில் தன் உடைமை அனைத்தையும் ஏழைக்குக் கொடுத்துவிடவேண்டும், போதகர்கள் மக்கள் விரும்பித் தருவதைக் கொண்டோ வேறு தொழில் செய்தோ பிழைக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார்.

நூலைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பக்கத்திலே ஒரு தாளை வைத்துக் கொடுத்தேன். கணக்கு ஆசிரியர் தம் கோயிலின் பொருளாளரும்கூட. படித்துப் பார்த்தார், சிரித்தார். "இதை எங்கள் செயற்குழுவிலே படிக்கச் சொல்கிறீர்களா?" என்றார்.

"படியுங்கள் ஐயா" என்றேன்.

நூலைப் பையில் வைத்துக்கொண்டார். தாளை எடுக்கவில்லை.